ஒன்றரை அடி ஆழம்

எங்கள் கந்தோர்ச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. கடலிலிருந்து ஆவி மேலே போகிறது, முகிலாகிறது, மலையில் மழையாகப் பெய்கிறது, ஆறாக ஓடி மறுபடி கடலில் விழுகிறது. எல்லாவற்றுக்கும் நீல அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். படம் கீறியவரைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் நிலாவெளிக்கு அப்பால் இருக்கிற மணற்கரைக்கு அவர் ஒருதரம் வந்திருந்தால், எதைக் கீறுவது என்று தெரியாமல் தலையைச் சொறிந்திருப்பார். அந்தக் கரையில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்புக் களப்பு, நடுவிலே மணல். அந்த மணலுக்குள் கிடக்கிற தண்ணீரைக் குடித்துத்தான் சனம் சீவிக்கிறது. படத்திலே மணலுக்குள் போகிற அம்புக்குறி ஒன்றே ஒன்று, அதுவும் சின்னது. முப்பது வருடம் நான் சம்பளம் வாங்கியது அந்தச் சின்ன அம்புக்குறிக்காக.

போன மாதம் ஒரு கையொப்பம் வைக்கப் பழைய கந்தோருக்குப் போனேன். இளம் உத்தியோகத்தர்கள் சுற்றிக்கொண்டார்கள். கையில் புதுக் கருவி ஒன்று. வயரின் நுனி தண்ணீரில் பட்டதும் கிண்ணென்று சத்தம் போடும். நாங்கள் சோக்குப் பூசிய நாடாவை இறக்கிக் கிணறு அளந்த கதையைக் கேட்டுச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அதில் ஒருவர் மட்டும் சிரிக்காமல் கேட்டார்:

"அண்ணை, கரையோரம் இப்ப எல்லா வளவுக்குள்ளயும் வோட்டர் பம்ப். வெங்காயம் வைக்கிற ஆக்கள் வந்து, எத்தினை மணித்தியாலம் ஓட விடலாம் எண்டு கேக்கினம். என்ன சொல்லுறது?"

அதே கேள்விக்கு ஒருதரம் நான் யாரையும் கேட்காமல் நானே பதில் சொல்லியிருக்கிறேன். "எழுதித் தாறன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதிக்கொண்டிருப்பது அதுதான்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்தது துறைமுகத்தில், கப்பல்களுக்குக் குடிநீர் ஏற்றுகிற இடத்தில். எப்பேர்ப்பட்ட கப்பலும் வந்து நிற்கக்கூடிய ஆழம்; கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர்; ஒரு மிடறு குடிக்க ஏலாது. வந்து சேர்ந்த கப்பல்காரன் முதலில் கேட்பது எங்கள் குழாயைத்தான். இரண்டு வருடம் குழாய் பிடித்தேன். பிறகு மாவட்டத்துக் கிணறுகளை அளக்கும் பகுதிக்கு மாற்றினார்கள். தற்காலிக ஊழியன். நியமனம் நிரந்தரமாகவில்லை. அந்த 'இல்லை' இந்தக் கதையில் முக்கியம்.

அங்கே வேலை பழகியதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் மழைமானியைப் பார்ப்பது, சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கிணறு அளப்பது, புத்தகத்தில் எழுதுவது. ஆனால் கப்பல்துறை என்கிற ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். கண்டி வீதிக்குப் பக்கத்தில் வயல் செய்கிற ஒரு கமக்காரர் முப்பது அடிக்குக் கிணறு வெட்டியும் சேற்றுக் கசிவைத் தவிர ஒரு சொட்டுக் காணவில்லை. பத்து யார் தூரம் தள்ளி, மைத்துனரின் கிணற்றில் பதினைந்து அடியிலேயே தண்ணீர் தளும்புகிறது. மைத்துனர் நிலத்துக்கு அடியில் என்னவோ செய்து தன்னுடைய தண்ணீரை மறித்துப்போட்டார் என்று மனுசன் பொலிசுக்கே போய்விட்டார்! அது கல்லுத்தரை. கல்லுக்குள் தண்ணீர் வெடிப்புகளில்தான் நிற்கும். வெடிப்பு எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கத்துக்காரனுக்கு அதிர்ஷ்டம். நான் பொறுப்பாக நின்று, கசிந்த சேற்றுத் தண்ணீரை மிசின் வைத்து இறைத்து, இன்னும் நாலு அடி வெட்டுவித்தேன். ஊற்றுக் கண் திறந்தது. கமக்காரர் என்னைக் கட்டிப் பிடித்துவிட்டார். மைத்துனர்மார் இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே வாளியில் தண்ணீர் குடித்தார்கள்.

அந்தச் சந்தோசம் எனக்குத் தலைக்கேறிப் போயிற்று. தண்ணீர் போதாவிட்டால் இறைத்துவிட்டு இன்னும் கொஞ்சம் வெட்டு. என் மனதில் பதிந்த பாடம் அதுதான். கல்லுக்கு அது சரி.

எங்கள் மேலதிகாரி ஒகஸ்டீன் ஐயாவைப் பற்றியும் சொல்லவேண்டும். மட்டக்களப்புப் பறங்கியர். தமிழ் எங்களைவிடச் சுத்தமாகக் கதைப்பார். கோபம் எல்லை கடந்தால் மட்டும் வீட்டுப் பாசையான போர்த்துக்கீசம் வரும். நான் அதை இரண்டு தரம்தான் கேட்டிருக்கிறேன். மெலிந்த ஆள், வெள்ளைக் காற்சட்டை, அதிலே எப்போதும் சோக்குத் தூள். யாருக்கும் சத்தம் போடமாட்டார். சத்தம் போட்டிருந்தால் நல்லது என்று நாங்கள் நினைக்கிற மாதிரி அமைதியாக இருப்பார்.

அவரிடம் சில பிடிவாதங்கள் இருந்தன. கிணற்றுப் புத்தகத்தில் பென்சிலால்தான் எழுதவேண்டும். ஆனால் அழிக்கக் கூடாது. பிழை விட்டால் ஒரு கோடு போட்டு வெட்டிவிட்டுப் பக்கத்தில் எழுதவேண்டும், வெட்டியதும் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும். புதிதாக வருகிறவனின் பொக்கெற்றில் அழிறப்பர் கண்டால், "இதைக் கொஞ்சம் தாரும்" என்று மரியாதையாக வாங்கி, யன்னலால் எறிந்துவிடுவார். என்னுடையதும் போயிருக்கிறது.

தண்ணீரைச் சோதிக்கிற முறையும் அவருடையதுதான். முதலில் நாக்கு. ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, மறு வாயை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வைத்திருப்பார். பிறகு எவ்வளவு உப்பு இருக்கும் என்று தன் கணிப்பைப் புத்தகத்தில் எழுதுவார். அதற்குப் பிறகுதான் குப்பி. வெள்ளைக் கோப்பையில் அளந்து ஊற்றிய தண்ணீருக்கு மஞ்சள் மருந்து கொஞ்சம் விட்டு, மேலே வெள்ளி உப்புக் கரைசலைத் துளித்துளியாக விடுவோம். மஞ்சள் மாறிச் செங்கல் நிறம் வந்து அப்படியே நின்றுவிட்டால் நிறுத்தவேண்டும். எத்தனை துளி போயிற்றோ அவ்வளவுக்கு உப்பு. எங்கள் பெட்டிக் கணக்கில் நல்ல கிணறு பத்துத் துளிக்குள் சிவக்கும். இருபத்தைந்து தாண்டினால் குடிக்கிறவனுக்கே தெரியும். ஐயாவின் நாக்கு இரண்டு துளிக்கு மேல் பிழைவிட்டதை நான் காணவில்லை.

இனி அந்தக் கிணறு.

இறக்கக்கண்டிக்குப் போகிற வழியில், ரோட்டிலிருந்து விலகிக் கடற்பக்கம் ஒரு குடியிருப்பு. ஊரின் பெயரை மாற்றித் தாழைமுனை என்று வைக்கிறேன். முப்பத்தெட்டுக் குடும்பம், எல்லாரும் முஸ்லிம்கள், கடற்தொழில். முந்தி அது வெறும் வாடி. மீன் படுகிற மாதங்களில் வந்து கொட்டில் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிற இடம். ஒரு கிணறு வெட்டி அதில் நல்ல தண்ணீர் கண்ட பிறகுதான் பெண்டு பிள்ளைகளைக் கூட்டி வந்து நிரந்தரமாக இருந்தார்கள். பள்ளிவாசல் வந்தது, ஓலைக் கொட்டிலில் பள்ளிக்கூடமும் வந்தது. கிணற்றின் ஆழம் பதினொன்றரை அடி. என் புத்தகத்தில் நாலு வருடக் கணக்கு இருந்தது. ஆடி மாதத்து வரட்சியிலும் ஒன்பது துளி.

அந்தத் தண்ணீர் என்னண்டு அங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஐப்பசி தொடங்கித் தை வரைக்கும் பெய்கிற மழை மணலுக்குள் இறங்கிப் போகும். அடியிலே கடல் தண்ணீர் ஏற்கெனவே நிற்கிறது. மழைத்தண்ணீர் பாரம் குறைந்தது. அதனால் உப்புத் தண்ணீருக்கு மேலே, கஞ்சியில் ஆடை படிந்த மாதிரி, மிதந்துகொண்டு நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், அது தன் பாரத்தால் உப்பை நாற்பது அடி கீழே அமத்தி வைத்திருக்கும். மேலே அந்த ஒரு அடியை எடுத்துவிட்டால் கீழே இருக்கிற உப்பு சும்மா இருக்காது, ஏறி வரும். இது எனக்குத் தெரியாமல் இருந்ததில்லை. ஐயா படம் கீறிக் காட்டியிருக்கிறார், புத்தகத்திலும் படித்திருக்கிறேன். தெரிந்துகொண்டு செய்தேன் என்பதுதான் இன்றைக்கும் வெட்கம்.

அறுபதுகளின் தொடக்கம், ஒரு ஆடி மாதம். கதீசா உம்மா என்கிற கைம்பெண்ணின் ஆடு கயிறு அறுத்துக்கொண்டு போய்க் கிணற்றுக்குள் விழுந்து செத்துப்போயிற்று. கிணற்றுக் கட்டு முழங்கால் உயரம்தான். அன்றைக்கே தூக்கி எடுத்துவிட்டார்கள். நிறம் மாறவில்லை, மணம் இல்லை. பள்ளிவாசல் லெப்பை வந்து பார்த்து, இவ்வளவு தண்ணீர் உள்ள கிணறு, நிறமும் மணமும் சுவையும் மாறாதபடியால் சுத்தமானதுதான், குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் சனத்துக்கு மனம் ஒப்பவில்லை. ஆடு ஊறின தண்ணீரில் சோறு ஆக்கிப் பிள்ளைக்குக் கொடுக்க எந்தத் தாய்க்குத்தான் மனம் வரும்? கிணற்றை இறைக்கவேண்டும் என்று எல்லாரும் நின்றார்கள்.

கிணறு இறைக்கிற வழக்கம் எங்கள் பகுதியில் எல்லாருக்கும் உண்டு. இருபது ஆண்கள் வரிசையாக நின்று வாளி கைமாற்றுவார்கள். பகல் சாப்பாட்டுக்குள் கை ஓய்ந்துபோகும். அடியில் இரண்டு அடி தண்ணீர் மிச்சம் இருக்கும். ஒருவன் இறங்கிக் குப்பையை அள்ளிவிட்டு, காணும், போதும் என்று ஏறிவிடுவான். அந்த மணற்கரைக் கிணறுகளை அவ்வளவு காலமும் காப்பாற்றியது அந்தக் களைப்புத்தான். களைக்காத ஒன்றை நான் கொண்டு போனேன்.

பள்ளிவாசல் பொறுப்பாளராக இருந்தவரை மரைக்கார் என்பார்கள். அவர் கந்தோருக்கு வந்தார். ஒகஸ்டீன் ஐயா இரண்டு கிழமை லீவில் மட்டக்களப்புக்குப் போயிருந்தார். பொறுப்பில் நான்.

"தம்பி, உங்கட மிசின ஒருக்காக் கொண்டு வாங்களேன். கப்பல்தொறைல நீங்க செஞ்சதெல்லாம் கேள்விப்பட்டம். அடி தெரிய இறைச்சாத்தான் எங்கட பொம்புளயளுக்கு மனசு ஆறும்."

கப்பல்துறை என்ற சொல் போதும் எனக்கு. அடுத்த நாளே லொறியில் மண்ணெண்ணெய் மிசினை ஏற்றிக்கொண்டு போனேன். எனக்குக் கதிரை போட்டார்கள். சர்பத் வந்தது. மிசின் தடதடவென்று தொடங்கியதும் ஊர் முழுக்கக் கூடிவிட்டது. இரண்டு மணித்தியாலத்தில் அடி தெரிந்தது. அந்தக் கிணற்றின் அடியை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. நிறுத்தியிருக்கவேண்டும். நான் நிறுத்தவில்லை. ஊறி வர வர இறைத்தேன். மாலை வரைக்கும் ஓடியது, மறுநாள் காலையும் ஓடியது. அதோடு விட்டேனா? "அடி தெரியுதுதானே, இன்னும் கொஞ்சம் வெட்டிவிட்டால் அடுத்த வரட்சிக்குப் பயமில்லை" என்று இரண்டு பேரை இறக்கி ஒன்றரை அடி வெட்டுவித்தேன். மரைக்கார் என் முதுகில் தட்டி, "இஞ்சினியர் தம்பி" என்றார். நான் இஞ்சினியரும் இல்லை, ஒன்றும் இல்லை. மறுத்துச் சொல்லவுமில்லை.

மூன்றாம் நாள் காலை மிசினை ஏற்றிக்கொண்டு வரப் போனேன். கிணற்றடியிலிருந்து இருபது எட்டு நடந்தால் கதீசா உம்மாவின் குடில். நாற்பது வயதிருக்கும், இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தவர். தன் ஆட்டால் ஊருக்கு வந்த கரைச்சல் தீர்ந்தது என்று அவருக்கு ஆறுதல். தேத்தண்ணி கொண்டு வந்து தந்தார். ஒரு வாய் குடித்தேன். உப்பு.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "சீனிதான் போட்டன், தம்பி. ரெண்டு தரம் ஊத்திப் பாத்தன். ரெண்டு தரமும் இப்பிடித்தான் இரிக்கு."

பெட்டியைத் திறந்து துளி விட்டேன். பத்து, இருபது, முப்பது என்று போய்க்கொண்டே இருந்தது. ஐம்பத்தெட்டில் சிவந்தது. என்ன நடந்தது என்று அந்த நிமிசமே எனக்குத் தெரியும். மேலே இருந்த நல்ல தண்ணீரை எல்லாம் உறிஞ்சி வெளியே கொட்டிவிட்டேன். கீழே இருந்தது ஏறிவிட்டது. போதாததுக்கு அது வரக் கதவைப் போல ஒன்றரை அடி திறந்தும் விட்டேன். நடு ஆடி. மழைக்கு மூன்று மாதம் இருக்கிறது.

எழுந்து நின்று, "நான் செய்த பிழை" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நியமனக் கடிதம் அந்த வருடக் கடைசியில் வரவேண்டும். அது ஒன்று. 'இஞ்சினியர் தம்பி' மற்றது. எது பெரிதாக இருந்தது என்று இன்றும் என்னால் சொல்ல ஏலவில்லை. கந்தோருக்கு வந்து அறிக்கை எழுதினேன்: 'ஆடு விழுந்து இறந்தமையால் ஊர்மக்களின் வேண்டுகோளின்படி கிணறு இறைக்கப்பட்டது. கடும் வரட்சி. நீர் உவர்ப்பாக மாறியுள்ளது.' ஒவ்வொரு வசனமும் உண்மை. மிசின் ஓடிய நேரமும் வெட்டிய ஆழமும் மட்டும் அதில் இல்லை.

தண்ணீர் லொறி கிழமைக்கு இரண்டு தரம் அனுப்ப ஒழுங்கு செய்தேன். மற்ற நாட்களில் பெண்கள் ஒன்றரை மைல் மணலில் நடந்து போய்ச் சுமந்தார்கள். லொறியோடு நான் இரண்டு தரம் போனேன். வரிசையில் கதீசா உம்மாவைக் கடைசியில் நிறுத்தியிருந்தார்கள். அவரும் அங்கேயே நின்றார். முன்னுக்கு நின்ற ஒருத்தி அவர் காதில் விழவே சொன்னாள்: "ஆட்டக் கட்டி வளக்கத் தெரியாட்டி வளக்கப்படாது. இவட ஆடு விழாட்டி இறைச்சிருப்பமா? இறைக்காட்டி இந்தக் கேடு வந்திருக்குமா?" அவர் முறை வந்தபோது லொறியில் அரைக் குடம்தான் மிச்சம்.

போகும்போது என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி படிச்ச ஆள். ஆடு விழுந்தாத் தண்ணி உப்பாகுமா?"

நான் லொறியின் குழாயைச் சுருட்டிக்கொண்டே, "வரட்சிக் காலம் ராத்தா... அப்பிடியும் நடக்கலாம்" என்றேன்.

நடக்காது. ஆயிரம் ஆடு விழுந்தாலும் நடக்காது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு அரைக் குடத்தோடு போனார். அந்தச் சொல்லை நினைத்து என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போல இருந்த நாட்கள் உண்டு.

ஒகஸ்டீன் ஐயா லீவு முடிந்து வந்து, சேர்ந்து கிடந்த கடதாசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, என் அறிக்கைக்கு வர இன்னும் சில நாள் போனது. வாசித்தார். "நாளைக்குப் போய்ப் பாப்பம்" என்றார். மேலிடத்தில் ஏற்கெனவே ஒரு கதை இருந்தது: கிணறு இயற்கையாகவே உவராகிவிட்டது, அந்தக் குடியிருப்பை எழுப்பி வேறிடம் அனுப்புவதுதான் வழி என்று. என் அறிக்கையை நம்பினால் வேறு எந்த முடிவுக்கும் வர ஏலாது.

காலை ஒன்பது மணி இருக்கும். ஐயா கிணற்றடியில் நின்று தண்ணீரை வாயில் எடுத்தார், துப்பினார், 'ஐம்பத்தாறு' என்று எழுதினார். துளி விட்டோம். ஐம்பத்தேழு. பிறகு, "ஆழத்தை அளவும்" என்றார்.

உருக்கு நாடாவின் நுனியில் இரும்புக் குண்டு. இறக்கினேன். குண்டு அடியில் தட்டியது. "பதின்மூன்று, ஐயா."

அவர் பழைய புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தார். நாலு வருடமும் பதினொன்றரை. என் கையெழுத்து.

"திரும்ப அளவும்."

அளந்தேன். "பதின்மூன்று."

"இன்னொருக்கா அளவும்."

மூன்றாம் தரம் நாடாவைச் சுருட்டிக் கீழே வைத்தேன். சத்தமில்லாமல், ஒரு குழந்தையிடம் கேட்கிற மாதிரி அவர் கேட்டார்: "கிணறு தன்ர பாட்டில ஆழமாகிறேல்லயே?"

"நான்தான் ஐயா வெட்டுவிச்சனான்" என்றேன். பிறகு எல்லாம் வந்தது: எத்தனை மணித்தியாலம் ஓடியது, எந்த நாள், எப்போதிருந்து எனக்குத் தெரியும். அழுதும்விட்டேன். அவர் புத்தகத்தை மூடினார். போர்த்துக்கீசத்தில் ஒரு சொல் வந்தது. இரண்டு தரம் என்றேனே, அதில் ஒன்று இது.

"இதை எனக்கு ஏன் சொல்லுறீர்? நான் இந்தத் தண்ணி குடிக்கிறேல்ல. குடிக்கிற ஆக்களைக் கூப்பிட்டுச் சொல்லும்."

மரைக்காரை அழைத்தார்கள். கரையில் வலை தைத்துக்கொண்டிருந்தவர்களும் வந்தார்கள், பெண்கள் சற்றுத் தள்ளி நின்றார்கள். கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். ஆட்டில் பிழை இல்லை. வரட்சியிலும் பிழை இல்லை. வாளியால் இறைத்திருந்தால் ஒன்றும் வந்திராது. மிசினை நிறுத்தாமல் ஓட்டியது நான், அடியை வெட்டியது நான்.

அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவரும் அசையவில்லை. மரைக்கார் தலையைக் குனிந்து கிணற்றுக் கட்டில் குந்தினார். "மிசினக் கொண்டு வரச் சொன்னது நாந்தானே" என்றார். பிறகு தலையை நிமிர்த்தி, "ஐயோ, கதீசா போயிட்டாளே தம்பி" என்றார். "மூணு நாளாச்சி. நாங்க ஒருத்தரும் மறிக்கயுமில்ல."

திரும்பிப் பார்த்தேன். குடிலின் வாசல் படலை கயிற்றால் கட்டிக் கிடந்தது.

கிணற்றுக்கு என்ன செய்தோம் என்பது உங்களுக்குப் பயன்படும், அதனால் விபரமாக எழுதுகிறேன். நான் வெட்டிய ஒன்றரை அடியையும் அதற்கு மேல் இன்னும் ஒரு அடியையும் பருமணல் போட்டு நிரப்பினோம். மழை வரும்வரை ஒரு வாளிகூட எடுக்கக் கூடாது என்று ஊரே கட்டுப்பாடு வைத்தது. களப்புக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேடாக இருக்கிற இடத்தில் ஐயா நடந்து நடந்து பார்த்து மூன்று பூவல் தோண்டுவித்தார். பூவல் என்பது மணலில் ஆள் இடுப்பளவுக்குத் தோண்டுகிற குழி. அடியில் ஒரு சாண் தண்ணீர் ஊறும், சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றவேண்டும். ஒரு குடம் நிரம்பக் கால் மணித்தியாலம் செல்லும். பெண்களுக்கு முதுகு முறிந்தது. ஆனால் பதினொரு துளி, குடிக்கலாம். மேலே மிதக்கிறதை மேலாலேயே எடுக்கவேண்டும், மெல்ல எடுக்கவேண்டும், பல இடத்தில் எடுக்கவேண்டும். வெங்காயக்காரருக்கு நீங்கள் சொல்லவேண்டியதும் இவ்வளவுதான். மணித்தியாலக் கணக்குக் கேட்டால், வாளியால் இறைக்கிற ஆளுக்கு எப்போது களைக்குமோ அப்போது மிசினை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஐப்பசிக் கடைசியில் மழை தொடங்கியது. கார்த்திகையில் அள்ளிக் கொட்டியது. கிணற்றில் ஐம்பத்தேழு நாற்பதாகி, மாசியில் முப்பத்தொன்றாகியது. அடுத்த வருட மாரியும் முடிந்த பிறகுதான் பதின்மூன்றுக்கு இறங்கியது. நான் இரண்டு நாளில் கெடுத்ததைத் திருத்த வானத்துக்கு இரண்டு மாரி தேவைப்பட்டது. குடியிருப்பை எழுப்பும் கதை நின்றுபோயிற்று. என் நியமனம் ஒரு வருடம் பிந்தியது. ஐயா என் கோப்பில் நடந்ததை நடந்தபடி எழுதினார். அதைப் பற்றி அவர் என்னிடம் மறுபடி ஒருநாளும் கதைத்ததில்லை. என் முதல் அறிக்கையைக் கிழிக்கவும் விடவில்லை. ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதுவித்தார்.

கதீசா உம்மாவுக்குத் திரும்பி வரச் சொல்லி மரைக்கார் ஆள் அனுப்பினார். அவர் வரவேயில்லை. தாழைமுனையை விட்டு அந்தக் கோடையில் போனது அந்த ஒரு குடும்பம்தான்.

அவரை நான் போய்ப் பார்த்தேன். கிணற்றடியில் உண்மை சொன்னதற்கு மறு வெள்ளிக்கிழமை. ஒருவரும் போகச் சொல்லவில்லை. கிண்ணியாவில் தம்பி வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, துறையில் பாதைக்குக் காத்து நின்றேன். வாகனமும் சனமும் ஏற்றிக்கொண்டு போகிற மிதவையை நாங்கள் பாதை என்போம். அன்றைக்கு அது அக்கரை போய்ச் சேர எடுத்த நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது.

கொல்லைப்புறத்தில் நிழலில் இருந்து பன்பாய் இழைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு, "வாங்க தம்பி, இரிங்க" என்றார். தண்ணீர் கொண்டு வரச் சொல்லி மகளுக்குக் குரல் கொடுத்தார். நான் வேண்டாம் என்றேன். இருக்கவில்லை, நின்றபடியே சொன்னேன். தாழைமுனையில் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அன்றைக்கு லொறியடியில் நீங்கள் கேட்டபோது நான் சொன்னது பொய் என்றும் சொன்னேன். கை இழைத்துக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

"ஊருக்குச் சொல்லியாச்சா?"

"சொல்லிட்டன் ராத்தா. எல்லாரும் இருந்தவை."

"மரைக்காரும் இருந்தாரா?"

"ஓம். உங்களை நினைச்சுத்தான் கவலைப்பட்டவர்."

கோபப்படுவார் என்று பார்த்தேன். ஏசுவார் என்று பார்த்தேன். ஏசினால் தாங்கலாம் என்றிருந்தது.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் தேத்தண்ணி தந்த அண்டைக்கே தெரியும்."

அவர் விரலை மடக்கி எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து மறு கை, திரும்ப முதல் கை, அதற்கு மேல் ஒரு விரல். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அதுக்குப் பொறகு பதினாறு நாள் நான் அங்கதானே இருந்தன், தம்பி" என்றார். "எண்ட ஊடு கிணத்தடில இருந்து இருவது எட்டுத்தானே."

பாயை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து இழைக்கத் தொடங்கினார்.